எத்தனை வாட் போதும்?

பத்து லிட்டர் கொள்ளளவுக்குள் ஒரு முழு மேசைக் கணினியை அடக்கிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் தனி ரகம். மில்லிமீட்டர் கணக்கில் யோசிப்பவர்கள். 170 மி.மீ. சதுர மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, உயரம் குறைந்த கூலர், இரண்டு ஸ்லாட்டைத் தாண்டாத கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேடி முடித்துவிட்டுக் கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். முன்னால் வந்து நிற்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் 'பவர் சப்ளை' என்று கேட்பவர் குறைவு, எஸ்.எம்.பி.எஸ். என்றால்தான் கடைப் பையன் மேல்தட்டுக்குக் கை நீட்டுவான். நீட்டும்போதே கேட்பான்: எத்தனை வாட்?

கேட்பதற்கு இரண்டே சொல். ஆனால் எவ்வளவு இருந்தால் போதும், கையிருப்பு எதுவரை முன்யோசனை, எங்கிருந்து வெறும் பயம் என்பது புத்தரும் மகாவீரரும் அரிஸ்டாட்டிலும் ஆளுக்கொரு விதமாக மல்லுக்கட்டிய விஷயம். பெரிய கேபினட் வைத்திருப்பவருக்கு இது உறைக்காது. அவர் 1,000 வாட் வாங்கி உள்ளே போட்டுவிட்டு மறந்துவிடலாம். சின்னப் பெட்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்.எம்.பி.எஸ். 150 × 86 × 140 மி.மீ.; அதாவது 1.8 லிட்டர். எஸ்எஃப்எக்ஸ் ரகம் 125 × 63.5 × 100 மி.மீ.; 0.8 லிட்டர்தான். ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் அரை லிட்டரில் முடிந்துவிடும், ஆனால் அதில் பொருத்தும் 40 மி.மீ. ஃபேன் போடும் கீச்சொலியை இரவில் யாரும் பொறுக்க மாட்டார்கள். டேனியல் ஹான்சன் என்ற ஜெர்மானியர் 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிக் கொண்டுவந்த டான் ஏ4 கேபினட்டின் மொத்தக் கொள்ளளவே 7.2 லிட்டர். அதில் ஒரு லிட்டரை வீணாக்கினால் வேறு ஏதோ ஒன்றை வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

ஒரு நிஜக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரைசன் 5 7600 பிராசஸருக்கு ஏஎம்டி சொல்வது 65 வாட். முழு மூச்சில் ஓடும்போது அது எடுக்கலாம் என்று வைத்திருக்கும் உச்சவரம்பு 88 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் ஒதுக்கினாலும் மொத்தம் 253. பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் சோதனை மென்பொருளில்தான். விளையாடும்போது இதைவிடக் குறைவாகவே போகும்.

அப்படியிருக்க, அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.

காரணம் இல்லாமல் இல்லை. வாங்குபவரின் கேபினட்டுக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்பது என்விடியாவுக்குத் தெரியாது. கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கையில் எடுத்தால் எடையே இல்லாத பெட்டியாகவும் இருக்கலாம். அதனால் நிறுவனம் தன் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது. வாட் கணக்கிட்டுத் தரும் இணையக் கருவிகள் தம் பங்குக்குக் கூட்டுகின்றன. கடைக்காரர், "நாளைக்குக் கார்டு மாத்துனீங்கன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று நூறு கூட்டுகிறார். துணைக்கு வந்த நண்பர், வாங்குறதே ஒரு தடவை, நல்லதா வாங்கிடு என்று இன்னொரு நூறு. கடைசியில் 250 வாட் எடுக்கும் இயந்திரத்துக்கு 850 வாட் பில் ஆகிறது. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. தனக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே கூட்டிவிட்டார் என்பதை யாரும் கழிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் தங்கம், காப்பீடு, அரிசி மூட்டை எல்லாம் சேர்வதும் பெரும்பாலும் இதே வழியில்தான்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அந்தப் பழமொழியில் ஒரு குறை, அளவு எது என்று அது சொல்வதில்லை.

அரிஸ்டாட்டில் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறார். நற்பண்பு இரண்டு கோடிகளுக்கு நடுவில் இருக்கிறது என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அந்த நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் தந்த எச்சரிக்கை அவ்வளவாக நினைவில் இல்லை. நிகோமாக்கிய அறவியலின் இரண்டாம் பகுதியில் அவர் எடுக்கும் உதாரணம் சாப்பாடு. பத்து மினா உணவு ஒருவருக்கு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதால், பயிற்சி தருபவர் எல்லோருக்கும் ஆறு மினா என்று பரிமாற மாட்டார். மைலோ என்ற மல்யுத்த வீரனுக்கு ஆறு போதாது. பயிற்சியைத் தொடங்கும் பையனுக்கு ஆறு அதிகம். கூட்டி இரண்டால் வகுப்பது நடு ஆகாது, அது ஆளைப் பொறுத்தது.

எஸ்.எம்.பி.எஸ். உலகில் அந்த ஆறு மினா தவறு வெகு பிரபலம். 'பாதிச் சுமையில் ஓடினால்தான் திறன் அதிகம், அதனால் தேவையைப்போல இரண்டு மடங்கு வாங்கு' என்பார்கள். இதன் வேர் 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழில் இருக்கிறது. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் சோதிப்பார்கள். 115 வோல்ட் சோதனையில் கோல்டு தரத்துக்கு முறையே 87, 90, 87 சதவீதத் திறன் வேண்டும். நடுவில் உச்சம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த உச்சத்தின் மதிப்பைக் கணக்குப் பார்த்தவர் குறைவு. 250 வாட் சுமைக்கு 90 சதவீதத் திறனில் சுவரிலிருந்து இழுப்பது 278 வாட். 87 சதவீதத்தில் 287. வித்தியாசம் பத்து வாட்டுக்கும் குறைவு, ஒரு எல்.இ.டி. பல்பு. இதற்காக இரண்டு மடங்கு பெரிதாக வாங்கினால், கணினி சும்மா இருக்கும்போது என்ன ஆகும்? மின்னஞ்சல் பார்க்கும், கட்டுரை தட்டச்சு செய்யும் நேரங்களில் இதுபோன்ற இயந்திரம் எடுப்பது 50 வாட் சுற்றுவட்டாரம். 1,000 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது வெறும் ஐந்து சதவீதச் சுமை. கோல்டு சான்றிதழ் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. டைட்டானியம் தரத்தில்தான் பத்து சதவீதச் சுமையையாவது சோதிக்கிறார்கள். பெரும்பாலான கணினிகள் தங்கள் ஆயுளில் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கின்றன.

குறைவாக வாங்குவதும் தவறுதான். கஞ்சத்தனத்தை எளிமை என்று பெயர் மாற்றிக்கொள்வது மனிதர்களுக்குக் கைவந்த கலை. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் உள்ள வாட்டை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியரைப் படிக்க வேண்டும். 37.5 என்றிருந்தால் 12ஆல் பெருக்க 450 வாட் வரும். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 450 வாட் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுக் கட்டத்தில் 20 ஆம்பியர் என்றிருந்தால் கிடைக்கப்போவது 240 வாட். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் வரிகளில் எழுதி நிரப்பியது. இன்றைய பிராசஸரும் கார்டும் 12 வோல்ட்டையே தின்பவை என்பதால் அந்த மீதி ஏட்டுச் சுரைக்காய்தான்.

தரமான சரக்குக்கும் சோதனை வந்தது. 2020இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 320 வாட் என்று போட்டிருந்தார்கள். சராசரி அதுதான். ஆனால் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு அது அதைவிட எவ்வளவோ மேலே எகிறியது. கணக்குப்படி போதுமான எஸ்.எம்.பி.எஸ்.கூட, ஏதோ ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துத் தன்னையே அணைத்துக்கொண்டது. விளையாட்டின் நடுவில் திரை இருண்டது. 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்குத் தீர்வு சொன்னது. புதிய வகை கார்டு இணைப்பு கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்.எம்.பி.எஸ்.கள் தம் அளவைப்போல இரண்டு மடங்குச் சுமையை 100 மைக்ரோநொடிக்குத் தாங்கியாக வேண்டும் என்றது. எல்லோரும் இரண்டு மடங்கு வாங்குங்கள் என்று அது சொல்லவில்லை. இரண்டு மடங்கு வேண்டும், ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டது.

நேரத்தால் அளக்கப்படும் கையிருப்பு. பௌத்தர்களின் வினய பிடகம் இதே வழியில்தான் யோசித்திருக்கிறது.

பிக்குவுக்கு மூன்று துவராடையும் ஒரு பிச்சைப் பாத்திரமும் என்பது விதி. ஒருமுறை புத்தரின் சீடர் ஆனந்தருக்கு உபரியாக ஒரு ஆடை கிடைத்தது. அதை மற்றொரு சீடரான சாரிபுத்தருக்குக் கொடுக்க ஆசை. சாரிபுத்தரோ சாகேத நகரத்தில் இருக்கிறார். உபரி ஆடை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி குறுக்கே நிற்கிறது. புத்தரிடம் போய்ச் சொன்னார். புத்தர் கேட்டது ஒன்றே ஒன்று: சாரிபுத்தர் எப்போது வருவார்? ஒன்பது, பத்து நாளில் என்றார் ஆனந்தர். அப்படியானால் உபரி ஆடையைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. உபரிப் பாத்திரத்துக்கும் அதே பத்து நாள்தான், அதே போன்றதொரு காரணத்தால்.

பத்து என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. புனிதமான எண் என்றோ, பொதுவாக நல்லது என்றோ வைக்கப்படவில்லை. ஒரு மனிதர் ஓர் ஊரிலிருந்து நடந்து வந்து சேர எத்தனை நாள் என்று விசாரித்து வைத்தது. சமய நூல்களில் இவ்வளவு துல்லியமான பொறியியல் சிந்தனை அபூர்வம்.

மருந்துக் கதை இதன் மறுபக்கம். பிலிந்தவச்சர் என்ற மூத்த பிக்குவுக்கு நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தும் ஏராளமாக வந்து குவிந்தன. அவர் கூட இருந்தவர்களுக்குப் பகிர்ந்தார். அவர்களோ குடங்களில் நிரப்பினார்கள், பைகளில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டார்கள். எல்லாம் கசிந்து ஒழுகியது. விகாரம் முழுக்க எலி. பார்க்க வந்த ஊரார், இவர்களும் மகத மன்னன் பிம்பிசாரனைப் போலக் களஞ்சியம் வைத்துவிட்டார்களே என்று முணுமுணுத்தார்கள். அதற்குப் பிறகுதான், இந்த மருந்துகளை அதிகபட்சம் ஏழு நாள் வைத்திருக்கலாம் என்ற விதி வந்தது. நோயாளிக்கு மருந்து இல்லாமல் போகவும் கூடாது, எலி குடியேறவும் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே பார்த்தவர்களுக்கு இந்த விதியின் நியாயம் எளிதில் புரியும். மூடியைக் கழற்றிய படங்களில், கட்டைவிரலைவிடத் தடித்த ஓர் உருளை மற்றெல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு நிற்கும். மெக்கானிக்குகள் இன்னமும் கண்டென்சர் என்று சொல்லும் பிரதானக் கெபாசிட்டர் அதுதான். மேலே 400 வோல்ட் அல்லது 420 வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். (வீட்டில் யாரும் கழற்றிப் பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கியடிக்கும் மின்னழுத்தம் மிச்சம் இருக்கும்.) சுவரில் கரண்ட் போனாலும் சற்று நேரம் கணினியைத் தாங்கிப்பிடிப்பது இதன் வேலை. அந்தச் 'சற்று' எவ்வளவு என்றால், ஏடிஎக்ஸ் விதிமுறை நெடுங்காலம் கேட்டுவந்தது 16 மில்லிநொடி. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிநொடி, அதைவிடவும் குறைவு. கணினிக்கென்று விற்கும் சாதாரண யுபிஎஸ் கரண்ட் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாறப் பொதுவாக 10 மில்லிநொடிக்குள் ஆகிறது. அது வந்து சேரும்வரை தாங்கினால் போதும். ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் அந்தக் கெபாசிட்டருக்கே தனி அறை கட்ட வேண்டும்.

துறவிகளுக்கு விதி போடுவது ஒருவகையில் சுலபம். இல்லறத்தாருக்கு என்ன சொல்வது? சமணம் இதற்குத் தந்த பதில் வேடிக்கையானது, நுட்பமானதும்கூட. முனிவருக்கு முற்றும் துறத்தல். இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள், அதில் ஐந்தாவது உடைமைக்கு வரம்பு கட்டிக்கொள்வது. தமிழில் இல்லறத்தார் விரதங்களைச் சொல்லும் அருங்கலச்செப்பிலும் இது உண்டு. இதில் முக்கியமான விஷயம், வரம்பை நூல் சொல்வதில்லை. இல்லறத்தாரே தனக்கு இவ்வளவு என்று முன்கூட்டி அறிவித்துவிட வேண்டும், அதைத் தாண்டக் கூடாது.

சுவேதாம்பரர்களின் உபாசகதசா என்ற நூலில் இந்த விரதம் எடுத்த ஒரு செல்வர் வருகிறார். அவர் பெயரும் ஆனந்தன்தான்; புத்தரின் சீடரோடு சம்பந்தம் இல்லாதவர். அவர் தனக்கு வைத்துக்கொண்ட வரம்பைக் கேட்டால் இன்றைய தணிக்கையாளர்கள்கூட எழுந்து நிற்பார்கள்: கருவூலத்தில் நான்கு கோடிப் பொன், வட்டிக்கு விட்டது நான்கு கோடி, வீட்டுச் செல்வமாக நான்கு கோடி, மந்தைக்குப் பத்தாயிரம் வீதம் நான்கு பசு மந்தைகள், ஐந்நூறு ஏர். ஏற்கெனவே இருந்ததையே வரம்பாக வைத்துக்கொண்டுவிட்டார்! பிறகு அதே மூச்சில் பல் துலக்கும் குச்சி, துவட்டும் துணி, குளிக்கும் நீர் வரை ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைக்கிறார். இது ஏமாற்றா, விரதமா? ஆயிரம் வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிட்டு 'இதற்கு மேல் போக மாட்டேன்' என்று சத்தியம் செய்பவரோடு அவரை ஒப்பிடத் தோன்றும். ஆனாலும் ஆனந்தன் ஒன்றைச் செய்தார். ஆசை வளர்வதற்கு முன்னாலேயே எண்ணைச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு கோடி பன்னிரண்டிலேயே நிற்கும்.

சின்னக் கேபினட் வாங்குவதும் இத்தகைய விரதம் என்று அதன் அன்பர்கள் நம்புகிறார்கள். பத்து லிட்டருக்குள் என்று வரம்பு கட்டிவிட்டால், ஆசை தானாக அடங்கும் என்று கணக்கு. நடந்தது வேறு. என்விடியா 2025 ஜனவரியில் அறிவித்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட் எடுப்பது. ஆனால் நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பில் அது இரண்டு ஸ்லாட் தடிமன்தான், சின்னப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே போய்விடும். அதற்குச் சோறு போட, அதே 0.8 லிட்டர் எஸ்எஃப்எக்ஸ் கூட்டுக்குள் 1,000 வாட் வந்துவிட்டது. ஒரு காலத்தில் பெரிய டவர் கேபினட்டில் இருந்த பசி முழுவதும் இப்போது ஷூ பெட்டி அளவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. திறன் கூடினால் செலவு குறையும் என்பது நிலக்கரி விஷயத்தில் நடக்கவில்லை, செலவு கூடத்தான் செய்கிறது என்று 1865இல் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதினார். அவருக்கு ஷூ பெட்டியைக் காட்டினால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். உடல் சிறுப்பதும் ஆசை சிறுப்பதும் வேறு வேறு.

இந்தக் குழப்பத்தின் மிகப் பெரிய உதாரணம் ஸ்டீவ் ஜாப்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சமயமும் நேருக்கு நேர் சந்தித்த இடமும் அதுதான்.

ஜாப்ஸ் ஜென் பௌத்தத்தில் தோய்ந்தவர். கோபுன் சினோ ஒட்டோகாவா என்ற சோட்டோ ஜென் ஆசிரியரிடம் பழகியவர். 1991இல் ஜாப்ஸின் திருமணத்தை நடத்திவைத்தவரும் அவரே. ஆப்பிள் 2 கணினி உருவானபோது அதில் ஃபேன் இருக்கக் கூடாது என்று ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார். ஃபேனின் இரைச்சல் மன அமைதிக்கு விரோதம் என்பது அவர் கட்சி என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் பதிவுசெய்கிறார். வழக்கமான டிரான்ஸ்ஃபார்மர் பவர் சப்ளை சூட்டைக் கக்கும். ஃபேன் இல்லாமல் முடியாது. அப்போது வந்து சேர்ந்தவர் ராட் ஹோல்ட், அடாரி நிறுவனத்தில் இருந்த மின்னணுப் பொறியாளர், மார்க்ஸியர். ஜென் ஆசாமியின் அமைதிக்காக மார்க்ஸியர் ஒருவர் 38 வாட் ஸ்விட்சிங் பவர் சப்ளை வடித்துக் கொடுத்தார். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஆப்பிள் 2 சத்தமின்றி ஓடியது. ஸ்விட்சிங் முறையையே ஹோல்ட்தான் கண்டுபிடித்தார் என்பதுபோல் பின்னாளில் ஜாப்ஸ் பேசியது மிகை. அதற்கு முன்பே அந்த முறை புழக்கத்தில் இருந்தது. ஆனால் 38 வாட் என்ற எண் அழகானது. இயந்திரத்துக்கு வேண்டியது அவ்வளவுதான், அவ்வளவே கொடுக்கப்பட்டது.

பிறகு கொள்கை தடித்தது. 1980இல் வந்த ஆப்பிள் 3இலும் ஃபேன் கிடையாது. சில்லுகள் தங்கள் சாக்கெட்டுகளிலிருந்து நழுவின. இயந்திரத்தைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சரியாகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்கே ஆலோசனை சொல்லும் நிலை வந்தது. வெப்பம்தான் முழுக் காரணமா என்பதில் அதை வடிவமைத்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2000இல் வந்த பவர்மேக் ஜி4 கியூப் இன்னும் சுவாரசியமானது. எட்டு அங்குலக் கனசதுரம், படிகம் போன்ற உறை, ஃபேன் இல்லை, மயக்கும் தோற்றம். அந்த மயக்கத்தின் ரகசியம் மேசைக்குக் கீழே கிடந்தது: 205 வாட் பவர் சப்ளையைத் தனிப் பெட்டியாக்கி வெளியே தள்ளிவிட்டார்கள். விளம்பரப் படங்களில் அது கண்ணில் படாது. அடுத்த ஆண்டு ஜூலையில் கியூபின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

தன் சுமையைப் படத்துக்கு வெளியே நகர்த்திவிட்டு எளிமை என்று பெயர் வைப்பது கணினிக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. துணிமணி இரண்டே செட் வைத்துக்கொண்டு, தேவையானதையெல்லாம் பத்து நிமிடத்தில் பைக்கில் கொண்டுவரச் சொல்கிறவரின் அலமாரி சுத்தமாகத்தான் இருக்கும். கிடங்கு வேறொருவருடையது. இந்த விஷயத்தில் ஆப்பிள் பிற்பாடு திருந்தியது என்றே சொல்ல வேண்டும். 2005இல் வந்த மேக் மினி வெளியே ஓர் 85 வாட் செங்கல்லை இழுத்துக்கொண்டு திரிந்தது. 2010 மாதிரியில் பவர் சப்ளையை உள்ளேயே வைத்தார்கள். 2024 மேக் மினியின் பக்கம் 12.7 செ.மீ., பவர் சப்ளை உள்ளேதான். அங்கே சிறிய பெட்டி சாத்தியமானதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சில்லு உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடுவது.

கையிருப்பு தேவையே இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துவிடக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்தான தத்துவம். மின்பகுளிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு: பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். சின்னப் பெட்டிக்குள் கார்டின் அனல் பக்கத்திலேயே அடிக்கும்போது அந்தப் பத்து பத்து டிகிரிகள் எளிதில் பறிபோகும். கோர்ஸேர் நிறுவனம் 2019 அக்டோபரிலிருந்து 2020 மார்ச் வரை தயாரான தன் எஸ்எஃப் வரிசை எஸ்.எம்.பி.எஸ்.களில் ஒரு பகுதியை மாற்றித் தருவதாக அறிவித்தபோது சொன்ன காரணம், அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் ஒன்றுசேரும் இடங்களில் பழுது கூடுதலாக இருக்கிறது என்பது. நல்ல பெயரெடுத்த வரிசை அது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏ.சி. இல்லாத அறையில் வைப்பவர் படிக்க வேண்டிய அறிவிப்பு. கணக்கில் வந்த 253 வாட்டுக்கு 300 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் பொருத்துவது துறவு ஆகாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதுதான். நூற்றைம்பது, இருநூறு வாட் மிச்சம் இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சூடு குறையும், திடீர் எகிறல்களுக்கும் இடம் இருக்கும். இந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை பத்து நாள் விதி என்பது 450 வாட்.

சிக்கல் என்னவென்றால், கடை இந்தத் தீர்ப்புக்கு ஒத்துழைப்பதில்லை. கோர்ஸேர் 2016இல் எஸ்எஃப் வரிசையைத் தொடங்கியபோது 450, 600 என்று இரண்டு அளவுகள் இருந்தன. 2024இல் புதுப்பித்த வரிசை 750இல்தான் ஆரம்பிக்கிறது. தரமான சிறிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேடுகிறவர் மற்ற நிறுவனங்களின் பட்டியலைத் துழாவ வேண்டியிருக்கிறது. எல்லோரும் தங்கள் பங்குக்கு நூறு நூறாகக் கூட்டியதன் முடிவு, குறைவாக வேண்டும் என்பவருக்குச் சந்தையில் இடம் சுருங்கிவிட்டது.

தரமான 450 அல்லது 550 கோல்டு எஸ்எஃப்எக்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காமல் 750தான் கையில் வந்தால் அதிலும் பாவம் ஒன்றும் இல்லை. 250 வாட் அதற்கு மூன்றில் ஒரு பங்குச் சுமை. திறன் நன்றாகவே இருக்கும், ஏழு ஆண்டு உத்தரவாதமும் சில நிறுவனங்கள் தருகின்றன. மிச்சம் 500 வாட் சும்மா கிடக்கிறதே என்று அடுத்த தீபாவளிக்குப் பெரிய கார்டு வாங்கப் புறப்படாமல் இருந்தால் சரி. கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. எஸ்எஃப்எக்ஸ்-எல் என்ற பெயரில் வருபவை 30 மி.மீ. நீளம் கூடுதலானவை, பெரிய ஃபேன் வைக்க இடம் வேண்டும் என்று நீட்டியது. பல சின்னக் கேபினட்டுகளில் அது கார்டையோ கேபிள்களையோ இடிக்கும். கேபினட்டின் கையேட்டில் எவ்வளவு நீளம் வரை போகும் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பணம் கட்டுங்கள்.